ஆற்றுக்குள் ஆறு ரேகைகள்

தங்கமோ வெள்ளியோ சிக்கிவிட்டது என்றுதான் வழிகாட்டிகள் நினைத்தார்கள். வேறெப்படி நினைப்பது? எடின்பரோவிலிருந்து வந்திருந்த பெரியவருக்கு வயது 59. மலையாற்றின் நடுவே, வழுக்குப் பாறையில் நின்றுகொண்டு பள்ளிக்கூடம் விட்ட பையனைப் போலக் குதூகலிக்கிறார். அவர் காலடியில் கறுத்த பாறை. அதன் குறுக்கே செக்கச்செவேலென்று ஒரு பட்டை. அவ்வளவுதான். வாரிக் கட்டிக்கொண்டு போக அங்கே ஒன்றுமே இல்லை.

ஆண்டு 1785, மாதம் செப்டம்பர். இடம், ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தில் கிளென் டில்ட் பள்ளத்தாக்கு. பெரியவர் பெயர் ஜேம்ஸ் ஹட்டன். வழிகாட்டிகளின் சந்தேகத்தை எழுதி வைத்தவர், பின்னாளில் ஹட்டனின் வாழ்க்கையை எழுதிய நண்பர் ஜான் பிளேஃபேர். பூமியின் வயிற்றுக்குள் நெருப்பு இருக்கிறதா, இல்லையா என்ற வழக்கில் முதல் கண்கண்ட சாட்சி அன்று அந்த ஆற்றுப்படுகையில் அகப்பட்டது.

டில்ட் பெரிய ஆறு அல்ல. மலையில் பிறந்து தென்மேற்காக இறங்கி, பிளேர் அதால் என்ற சிற்றூரில் கேரி ஆற்றோடு கலந்துவிடும். ஆனால் வரைபடத்தை விரித்தால் சட்டென்று கண்ணில் படும். அடிக்கோல் வைத்து இழுத்தது போல அத்தனை நேர். பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் லாக் டே நிலப்பிளவுதான் அதற்குக் காரணம். பிளவு நெடுகப் பாறை நொறுங்கிக் கிடக்க, இளகிய அந்த வழியையே ஆறு அறுத்துத் தனதாக்கிக்கொண்டது.

பள்ளத்தாக்கின் கீழ்ப்பாதி மரங்களால் மூடியது. பிர்ச் மரங்களும், இலையுதிர் காலத்தில் மஞ்சளாகி ஊசியிலைகளை உதிர்த்துவிடும் லார்ச் மரங்களும் இங்கே நிறைய. இந்த வட்டாரம் அதால் கோமகன்களின் சொத்து. அவர்களில் நான்காமவர் லார்ச் நடுவதில் பைத்தியமாக இருந்தவர். 'நடவு ஜான்' என்ற பட்டப்பெயரே அவருக்கு உண்டு. ஹட்டன் வந்தபோது கோமகனாக இருந்தவரும் அவர்தான். மேலே போகப் போக மரங்கள் பின்தங்கிவிடுகின்றன. சுமார் 11 கிலோமீட்டர் ஏறினால் 'ஃபாரஸ்ட் லாட்ஜ்' என்ற வேட்டை மாளிகை வரும். பெயரில் உள்ள காட்டை நம்பி வருகிறவர் ஏமாந்து போவார். ஸ்காட்லாந்தில் 'ஃபாரஸ்ட்' என்றால் பிரபுக்கள் மான் வேட்டைக்கு ஒதுக்கிய நிலம். மரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு அதுதான் பெயர். அந்த மாளிகையை ஒட்டி ஓடும் ஆற்றில்தான் பாறை கிடக்கிறது.

அதன் குறுக்கே ஓடும் சிவப்புப் பட்டை, கிரானைட். கிரானைட் என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவு வருவது சமையலறை மேடை. அங்கேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கடைக்காரர் பளபளவென்று தேய்த்து 'பிளாக் கிரானைட்' என்று விற்கும் கன்னங்கரிய பலகை பெரும்பாலும் கிரானைட்டே அல்ல. டாலரைட் அல்லது காப்ரோ என்ற வேறு பாறை. வணிகத்தில், தேய்த்தால் மெருகேறும் கடினக் கல் எல்லாமே கிரானைட். புவியியலாளருக்கோ அதற்கு மூன்று அடையாளங்கள் வேண்டும். இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ கட்டம் கட்டமாகத் தெரியும் ஃபெல்ட்ஸ்பார் ஒன்று. அதன் இடுக்குகளில் கண்ணாடித் துண்டு போலச் சாம்பல் நிறத்தில் குவார்ட்ஸ். கிராமத்தில் வெங்கச்சங்கல் என்பார்களே, அதே சரக்கு. மூன்றாவது, ஏடு ஏடாக உரியும் மைக்கா. அதற்கும் நல்ல தமிழ்ப்பெயர் இருக்கிறது: காக்காப்பொன்.

இந்த மூன்றும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, நடுவில் ஊசி நுழையவும் இடமில்லாமல் இறுகியிருக்கும். மணல் ஒட்டி உண்டான கல்லில் துகள்கள் உருண்டிருக்கும், இடையே ஒட்டுப்பொருள் இருக்கும். கிரானைட்டில் உருண்ட துகளும் இல்லை, பசையும் இல்லை. அப்படியானால் இது எப்படிப் பிறந்தது?

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் செல்வாக்கோடு இருந்த விடை, தண்ணீர். சாக்சனியில் ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்விக்கூடத்தில் 1775 முதல் பாடம் நடத்திய ஆபிரகாம் வெர்னர் அதன் பெருங்குரல். ஆதியில் பூமி முழுவதையும் ஒரு கடல் மூடியிருந்தது. அதில் கரைந்திருந்தவை ஒவ்வொன்றாகப் படிந்து பாறைகளாயின. முதலில் படிந்தது கிரானைட், ஆகவே உலகத்திலேயே மூத்த பாறை அது. மற்றவை அதன்மேல் அடுக்கடுக்காக அமர்ந்தன. கேட்க ஒழுங்காக இருந்தது, மாணவர்கள் நாடு நாடாகக் கொண்டுபோனார்கள். உப்பளத்தில் உப்பு பூப்பதைக் கண்டவர் யாருக்கும் இது புரிந்துவிடும்.

ஹட்டனுக்கு இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. அவர் மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவர், ஆனால் வைத்தியம் பார்க்கவில்லை. நண்பர் ஒருவரோடு சேர்ந்து நவச்சாரம் காய்ச்சும் தொழில் நடத்தினார். இங்கிலாந்து எல்லையை ஒட்டிய பெரிக்‌ஷயரில் சொந்தப் பண்ணையில் பல ஆண்டுகள் உழுது விதைத்தார். மழை பெய்தால் வயலின் மேல்மண் ஓடைக்குப் போகும், ஓடை ஆற்றுக்குப் போகும், ஆறு கடலுக்குப் போகும். விவசாயிக்கு இது தெரிந்த சங்கதி. ஆனால் இவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்: இப்படியே போனால் நிலம் என்றோ தீர்ந்துபோயிருக்க வேண்டுமே, ஏன் தீரவில்லை? கடலடியில் சேர்ந்த மண்ணைக் கல்லாக இறுக்கி, மறுபடி மேலே தூக்கி நிறுத்த ஏதோ ஒன்று வேண்டும். அது பூமியின் உள்வெப்பம் என்றார்.

இந்தக் கருத்தை எடின்பரோ ராயல் சொசைட்டியின் முன் வைத்தது 1785 மார்ச், ஏப்ரல் மாதங்களில். மார்ச் 7 கூட்டத்துக்கு ஹட்டனால் வர முடியவில்லை, உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டார். கட்டுரையை நண்பரும் வேதியியலாளருமான ஜோசப் பிளாக் படித்தார். உள்வெப்பம் உண்மையானால் பாறை உருகும். உருகினால் கிரானைட் ஆதிப் படிவாக இருக்க வேண்டிய அவசியமில்லை, பின்னால் வந்த உருகல் குழம்பாகவும் இருக்கலாம். இதற்கு அப்போது அவர் கையில் இருந்த சாட்சி, போர்ட்சாய் என்ற கடற்கரை ஊரிலிருந்து கிடைத்த ஒரு கல். அதில் ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் பழைய எழுத்துகள் பொறித்தது போலப் பின்னிக் கிடந்தன. தண்ணீரில் ஒன்றன்பின் ஒன்றாகப் படிந்திருந்தால் இப்படிப் பின்ன முடியாது. இரண்டும் ஒரே குழம்பிலிருந்து ஒரே நேரத்தில் உறைந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

கையில் எடுத்துப் பார்த்த கல் அது. மலையில், இருந்த இடத்திலேயே கிரானைட்டை அவர் அதிகம் பார்த்தவர் அல்ல. வடகிழக்கே அபர்டீன் பக்கம் எட்டிப் பார்த்ததோடு சரி. கொள்கையைச் சபையில் சொல்லிவிட்டு, சாட்சியைத் தேடி மலையேறியது அதன் பிறகுதான்.

எங்கே தேடுவது என்பதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம். வடக்கே உள்ள மலைகள் கிரானைட். தெற்கே உள்ளவை ஷிஸ்ட். பழைய கடலடிச் சேறு அழுத்தத்திலும் சூட்டிலும் மாறி, ஏடு ஏடாகப் பிளக்கும் கறுத்த பாறையானது. இரண்டும் எங்கோ ஓரிடத்தில் தொட்டுக்கொள்ள வேண்டும். அந்த எல்லையைப் பெரும்பாலும் மண்ணும் புல்லும் ஹீதர் புதரும் மூடியிருக்கும். மூடியைத் திறந்து காட்டுவது ஆறு ஒன்றுதான். டில்ட் ஆறு அந்த எல்லை வழியாகவே ஓடுகிறது. ஹட்டன் தன்னோடு அழைத்துப்போனது ஜான் கிளார்க் என்ற நண்பரை. எல்டின் ஊர்க்காரர், வணிகர், கடற்போர் உத்திகளைப் பற்றி நூல் எழுதியவர். எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணில் பட்டதை அப்படியே கோட்டில் இறக்கத் தெரிந்தவர்.

அவர்கள் ஃபாரஸ்ட் லாட்ஜை அடைந்தபோது தேடிய பொருள் ஏற்கெனவே சுற்றிலும் இருந்தது. சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக்குள் சிவந்த கிரானைட் ரேகைகள் ஆறு, ஆற்றுப்படுகையில் கறுத்த ஷிஸ்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போயின.

பாறைக்கு அருகே குனிந்து பார்க்க வேண்டிய இடம் இது. ஷிஸ்ட் தன் ஏடுகளோடு ஒரு போக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது, பழைய புத்தகத்தை விளிம்பிலிருந்து பார்ப்பது போல. திடீரென்று அந்த ஏடுகள் வெட்டுப்படுகின்றன. வெட்டிய இடத்தில் சிவப்புக் கல். மறுபுறம் அதே ஏடுகள் மறுபடி தொடர்கின்றன. சிவப்பு ரேகை சில இடங்களில் பருத்திருக்கிறது. அதிலிருந்து கிளைகள் பிரிந்து, ஏடுகளின் இடுக்கில் புகுந்து, போகப் போக விரலளவாகி, நூலாகி, காணாமல் போகின்றன. இன்னும் உற்றுப் பார்த்தால், சிவப்புக் கல்லுக்குள்ளேயே கறுத்த ஷிஸ்ட் துண்டுகள் சில்லு சில்லாகச் சிக்கிக் கிடக்கின்றன. அவற்றின் முனைகள் கூர் மழுங்காமல் அப்படியே இருக்கின்றன.

மூத்தவர் யார் என்று தீர்மானிக்க இது போதும். சுவரைத் துளைத்துக்கொண்டு வேர் ஓடினால், வேர் வருவதற்கு முன்பே சுவர் இருந்தது என்று பொருள். பாகில் முந்திரிச் சில்லு பதிந்திருந்தால், பாகு ஊற்றும்போது முந்திரி உடைந்தாகிவிட்டது. ஷிஸ்ட்தான் பழையது, கிரானைட் பின்னால் வந்தது. வெர்னரின் அடுக்கில் எல்லாவற்றுக்கும் கீழே, எல்லாவற்றுக்கும் முன்னே இருந்த பாறை, டில்ட் ஆற்றில் பின்னால் வந்து புகுந்த விருந்தாளியாக இருந்தது.

தண்ணீர்க் கட்சிக்கு இன்னொரு வழி மிச்சமிருக்கத்தான் செய்தது. ஷிஸ்டில் ஏற்கெனவே இருந்த விரிசலுக்குள் மேலிருந்து கரைசல் இறங்கிப் படிந்திருக்கலாமே? ஆனால் சிக்கிக் கிடக்கும் சில்லுகள் இதற்கு ஒத்துழைக்கவில்லை. தண்ணீரில் விழுந்த கல் அடிக்குப் போய்விடும். இங்கே துண்டுகள் சிவப்புக் கல்லின் நடுவில், நாலாபுறமும் பிடிக்கப்பட்டு நிற்கின்றன. கூழில் போட்ட மாங்காய்த் துண்டு போலத் தாங்கி நிறுத்த, வந்த பொருள் கெட்டியான குழம்பாக இருக்க வேண்டும். ஏடுகளை நெம்பித் திறக்கும் அளவுக்கு அழுத்தத்தோடும் வந்திருக்க வேண்டும். அதுவும் மேலிருந்து அல்ல. ரேகைகளைப் பின்தொடர்ந்தால் அவை பெரிய கிரானைட் திரளோடு போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

ஒரு பள்ளத்தாக்கில் பார்த்ததோடு ஹட்டன் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு தென்மேற்கே காலோவேக்கும், 1787இல் ஆரன் தீவுக்கும் போனார். அங்கேயும் கிரானைட் அண்டைப் பாறைக்குள் கை நீட்டியிருந்தது. 1788இல் நண்பர்கள் பிளேஃபேரையும் ஜேம்ஸ் ஹாலையும் படகில் ஏற்றிக்கொண்டு சிக்கார் பாயிண்ட் கடற்பாறைக்குப் போய், காலத்தின் ஆழத்தைக் காட்டினார். இன்று பாடநூல்களில் படத்தோடு வருவது அந்தக் கடற்பாறைதான். கிளென் டில்ட் அடிக்குறிப்பாகிவிட்டது.

புவியியல் உலகம் உடனே தலைவணங்கிவிடவில்லை. அயர்லாந்து வேதியியலாளர் ரிச்சர்ட் கிர்வான் 1793இல் கடுமையாகத் தாக்கினார். உருகி உறைந்தால் கண்ணாடியாக அல்லவா ஆகும், மணி மணியாக எப்படி ஆகும் என்ற கேள்வி பலருக்கும் இருந்தது. நியாயமான கேள்விதான்.

விடை ஒரு கண்ணாடித் தொழிற்சாலையிலிருந்து வந்தது. எடின்பரோவுக்குப் பக்கத்தில் லீத் துறைமுகத்தில் பாட்டில் கண்ணாடிக் குழம்பு தற்செயலாக மிக மெதுவாகக் குளிர்ந்துபோய், ஒளி புகாத, மணி பூத்த கல் போல ஆகியிருந்தது. அதையே மறுபடி உருக்கிச் சட்டென்று ஆறவைத்தால் பழையபடி கண்ணாடி. ஜேம்ஸ் ஹாலுக்கு இது போதுமான துப்பு. ஆனால் பூமியின் அடியாழத்தில் நடப்பதை அடுப்பில் பிடித்துவிட முடியும் என்று ஹட்டன் நம்பவில்லை. அவர் மனம் கோணக் கூடாது என்று ஹால் காத்திருந்தார். ஹட்டன் 1797இல் காலமானார். மறு ஆண்டே எரிமலைப் பாறைகளை உலையில் உருக்கி, மெதுவாகக் குளிரவைத்து, மணி பூக்க வைத்துக் காட்டினார் ஹால். விஷயம் வேகத்தில் இருந்தது. பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறையையே போர்வையாகப் போர்த்திக்கொண்டு கிடக்கும் குழம்பு ஆற லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம். மணிகள் பெருக்க அவகாசம் ஏராளம்.

கிரானைட்டை மட்டும் ஹாலின் உலை வசப்படுத்தவில்லை. அதற்கு வெப்பத்தோடு அழுத்தமும் நீராவியும் வேண்டும். இந்த ஓட்டை வழியாகச் சண்டை இருபதாம் நூற்றாண்டிலும் புகுந்தது. 1940களில் ஒரு சாரார், கிரானைட் உருகலே அல்ல, திடப் பாறைக்குள் சூடான திரவங்கள் ஊறி ஊறி அதைக் கிரானைட்டாக மாற்றிவிட்டன என்றார்கள். லண்டன் பேராசிரியர் எச்.எச். ரீட் அந்த அணியின் முன்னணியில் நின்றார். அமெரிக்காவில் டட்டில், போவன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் சரக்குகளைத் தண்ணீரோடு அழுத்தக் கலனில் அடைத்து உருக்கி, 1958இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நீர் சேர்ந்தால் கிரானைட் சரக்கு 700 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்திலேயே உருகிவிடுகிறது. உருகும் கலவையின் விகிதமும் உலகில் கிடைக்கும் கிரானைட்டுகளின் விகிதமும் பொருந்துகின்றன. ஹட்டன் ஆற்றில் பார்த்ததற்கும் ஆய்வகத்தில் அது நிலைநாட்டப்பட்டதற்கும் இடையே 173 ஆண்டுகள்.

டில்ட்டின் சிவப்புக் கல்லுக்கு இப்போது ஒரு பிறப்புக் கதையும் இருக்கிறது. 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், ஸ்காட்லாந்தையும் இங்கிலாந்தையும் பிரித்து ஒரு சமுத்திரம் கிடந்தது; அயப்பெட்டஸ் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அது மூடிக்கொண்டபோது கரைகள் மோதின. கடலடிச் சேறு மடிந்து, வெந்து, ஷிஸ்டானது. சுண்ணாம்புப் பாறை பளிங்கானது. பள்ளத்தாக்கில் பாதி வழியில் நிற்கும் 'மார்பிள் லாட்ஜ்' என்ற வீட்டின் பெயரில் இன்னும் அந்தப் பளிங்கு ஒட்டியிருக்கிறது. அந்த மோதலின் பிற்பகுதியில் ஆழத்தில் உருகிய குழம்பு, சுற்றியிருந்த திடப் பாறையைவிட எடை குறைந்ததால் மேலே எழுந்து, ஷிஸ்டின் ஏடுகளுக்குள் புகுந்து உறைந்தது. மேலே கிடந்த மலைகளை மழையும் ஆறும் பனியாறும் கோடிக்கணக்கான ஆண்டுகள் சுரண்டிக் கரைத்தன. கடைசியில் டில்ட் வந்து மிச்சத்தைக் கழுவி வைத்தது.

ஹட்டனின் எழுத்துக்கும் கிளார்க்கின் ஓவியங்களுக்கும் நேர்ந்தது தனிக் கதை. பூமியின் கோட்பாடு பற்றிய ஹட்டனின் நூல் 1795இல் இரண்டு பாகங்களாக வந்தது. கிளென் டில்ட்டைப் பற்றி விரிவாகச் சொல்லும் மூன்றாம் பாகம் கையெழுத்துப் பிரதியாகவே தங்கிவிட்டது. எஞ்சிய அத்தியாயங்களை ஆர்ச்சிபால்ட் கெய்க்கி 1899இல்தான் பதிப்பித்தார். ஓவியங்களோ எங்கே போயின என்றே தெரியவில்லை. 1968இல், கிளார்க் குடும்பத்தின் பூர்வீக வீடான பெனிக்யுக் மாளிகையில் அந்தக் கட்டு கண்டெடுக்கப்பட்டது. 1978இல் அவை அச்சேறின. படத்தில் ஆற்றுப் பாறைகள் ஒவ்வொன்றும், ரேகையின் ஒவ்வொரு கிளையும் கணக்கெடுத்தது போல இருக்கின்றன. கேமரா பிறப்பதற்கு முந்தைய கால ஆதாரப் படங்கள் அவை.

பள்ளத்தாக்கை இன்று யாரும் நடந்து பார்க்க முடிகிறது என்றால் அதற்கும் ஒரு சண்டை காரணம். 1847 ஆகஸ்டில் எடின்பரோ தாவரவியல் பேராசிரியர் ஜான் ஹட்டன் பால்ஃபோர், மாணவர்களோடு செடி சேகரித்துக்கொண்டு இந்த வழியாக வந்தார். ஆறாம் அதால் கோமகன் ஆட்களோடு வந்து மறித்தார். இது என் வேட்டை நிலம், திரும்பிப் போ என்றார். வாக்குவாதம் முற்றி, மாணவர்கள் சுவரேறிக் குதித்துத் தப்பினார்கள். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். விவகாரம் நீதிமன்றம் ஏறியது. கடைசியில் பாதை பொதுமக்களுக்கே என்று ஆனது.

அந்தப் பாதையில் நடப்பவர்களில் அநேகர் முதுகுப்பையும் கைத்தடியுமாக மலையைப் பார்த்தபடி போய்விடுகிறார்கள். கரையிலிருந்து இறங்கி ஆற்றுக்குள் எட்டிப் பார்ப்பவர் குறைவு. காய்ந்த நாளில் பார்த்தாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. பாசியும் தூசியும் படிந்து சிவப்பும் கறுப்பும் ஒரே மங்கலாக இருக்கும். மழை பெய்து ஓய்ந்த பிறகு போக வேண்டும். பாறை நனைந்ததும் சிவப்பு எழுந்து வரும், இரண்டும் சேரும் கோடு துல்லியமாகத் தெரியும், விரலால் தொட்டுக்கொண்டே ஒரு பாறையிலிருந்து மறு பாறைக்குக் கடந்துவிடலாம். அப்போது வெயிலும் சற்றுத் தலைகாட்டினால் கறுத்த ஷிஸ்ட் முழுக்க மினுமினுவென்று பொறி பறக்கும். 1785இல் வழிகாட்டிகள் நினைத்ததில் பாதி சரிதான். அங்கே பொன் இருக்கிறது, காக்காப்பொன்.